புலிக்கும் ஒரு வழித்தடம்

சிக்கந்தராபாத்திலிருந்து நாகபுரிக்கோ டில்லிக்கோ ரயிலேறும் நம் சங்கத்துக் குடும்பத்தார், மஞ்சிரியாலைத் தாண்டிச் சிர்ப்பூர் காகஜ்நகர் வரும்போது பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருப்பர். விழித்திருப்போரும் காகித ஆலைக்கு மேல் அவ்வூரைப் பற்றி அதிகம் அறியார். ஆனால் அதைச் சூழ்ந்த காட்டின் வழியாகத்தான் மகாராஷ்டிரத்துத் தாடோபாவிலிருந்து புலிகள் தெலங்கானாவுக்கு வருகின்றன.

தாடோபாவில் புலிகள் பெருகிவிட்டன. புலிக்குட்டி ஏறக்குறைய இரண்டு வயதில் தாயைப் பிரிந்து தனக்கென ஓர் எல்லையைத் தேடிப் புறப்படும். பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இது விளங்காததன்று. தெற்கே கவ்வால் வனம் 2012-ஆம் ஆண்டு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 2,015 சதுர கிலோமீட்டர். இடம் உண்டு. ஆயினும் அங்கே புலி நிலைத்துத் தங்குவது அரிதாயிருக்கிறது. இடையில் பருத்தி வயல்களும் நெடுஞ்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நம் இருப்புப்பாதையும் குறுக்கிடுகின்றன. காடுகளின் இணைப்பு அறுந்தால், தனித்த சிறு காட்டில் அடைபட்ட விலங்குகள் தம் நெருங்கிய உறவுக்குள்ளேயே கூடி இனம் நலிவுறும் என்பர் விலங்கியலார்.

ரயில் இலாகாவில் பேனா பிடிக்கும் நமக்கு ஓர் உவமை தோன்றுகிறது. கிளைப்பாதையில் ஒரு பாலம் இடிந்தால், அதற்கப்பால் உள்ள நிலையங்கள் கட்டடமும் மணியுமாக அப்படியே நிற்கும். வண்டி மட்டும் வராது. கவ்வாலின் நிலை அதுவே.

பாலத்தை மீண்டும் கட்ட இயலுமா எனில், இயலும். ஹைதராபாத்திலிருந்து நாகபுரி செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, அந்நகருக்கு வடக்கே பெஞ்ச் காட்டை ஊடறுத்துச் செல்கிறது. அதனை அகலப்படுத்தியபோது, நெடிய வழக்குகளுக்குப் பின், விலங்குகள் சாலைக்கு அடியிலேயே கடந்து செல்ல 9 கட்டுமானங்கள் எழுப்பப்பட்டன. அவற்றுள் இரண்டு, ஒவ்வொன்றும் 750 மீட்டர் அகலம்! விலங்கு இவற்றை நாடுமா என ஐயுற்றோர் பலர். 2019-இல் இந்திய வனஉயிர் நிறுவனத்தார் கேமராக்கள் பொருத்திப் பார்த்ததில், 18 வகை விலங்குகள் கடந்தன. 11 புலிகள் மட்டும் 89 முறை சென்றிருந்தன.

நம் கோவைப் பக்கத்து மதுக்கரைச் செய்தியையும் அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2021 நவம்பரில் ரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. பின்னர் தண்டவாளத்துக்கு அடியில் யானைப் பாதைகள் அமைந்தன. 2024 பிப்ரவரி முதல் கோபுரக் கேமராக்கள், யானை நெருங்குவதைக் கண்டு உடனே எச்சரிக்கை விடுக்கின்றன.

ஆனால் சிமென்டால் முடியாத பகுதி ஒன்று உண்டு. காகஜ்நகரின் இடர் அங்கேதான். அவ்வழித்தடத்தில் மக்கள் வாழ்கின்றனர். 2020 நவம்பரில் ஒரே மாதத்தில் இரு இளம் உயிர்களைப் புலி கொண்டது. 2024 ஜனவரியில் நஞ்சுக்குப் புலிகள் பலியாயின.

இந்நிலையில் 2025 மே 30 அன்று அரசினர் 49-ஆம் எண் உத்தரவைப் பிறப்பித்து, தாடோபாவையும் கவ்வாலையும் இணைக்கும் 1,492 சதுர கிலோமீட்டர் வனத்தைக் குமுரம் பீம் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தனர். பீம் யார்? 'நீர், காடு, நிலம்' என்று முழங்கி நிஜாம் ஆட்சியை எதிர்த்து 1940-இல் உயிர்நீத்த கோண்டுத் தலைவர். அவர் பெயராலேயே தம் காடு பறிபோகுமோ எனப் பழங்குடியினர் அஞ்சி எழுந்ததில் வியப்பென்ன? அதே ஆண்டு ஜூலையில் உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது.

இவ்வகைப் பகுதியை அறிவிக்குமுன் அவ்விடத்து மக்களைக் கலந்தாலோசித்தல் வேண்டும் என்று வனவிலங்குச் சட்டமே கூறுகிறது. அம்மக்களின் அச்சமே, அந்தக் கலந்தாலோசனை அவர்கள் மனத்தை எட்டவில்லை என்பதற்குச் சான்று. திட்டம் தேவையானதே, அதில் நமக்கு ஐயமில்லை. எனினும் வரைபடத்தில் கோடு இழுப்பதற்கு முன், கிராம சபையில் பாய் விரித்து அமர்ந்து, எந்த வயல் யாருடையது, மாடு எங்கே மேயும், இலுப்பைப் பூவும் பீடி இலையும் எங்கே பொறுக்கலாம் என்பதை எழுத்தில் உறுதி செய்திருக்க வேண்டும். மாட்டைப் புலி அடித்தால் இழப்பீடு எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதையும் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பணம் தாமதிக்கும் ஊரில்தான் நஞ்சுக்கு வேலை வருகிறது.