பாலத்தைக் கடைசியில் பார்

அக்கா மகன் அமெரிக்காவில் சார்லட்டில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன், காலையில் புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டு டீத் தம்ளரோடு திண்ணையில் வந்து உட்கார்ந்தான். “மாமா, அக்டோபர்ல மூணு நாள் லீவு சேர்ந்து வருது. மேற்கு வர்ஜீனியாவுல அந்தப் பெரிய பாலத்தைப் பார்த்துட்டு, ராஃப்டிங் போய்ட்டு வரலாம்னு இருக்கோம். நீங்க போயிருக்கீங்களே, எப்படி இருக்கும்?”

நன்றாக இருக்கும். ஆனால் பாலத்தையும் ராஃப்டிங்கையும் மட்டும் பார்த்துவிட்டு வந்தால், அந்த ஊர் எதற்காக அங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் திரும்பிவிடுவான். அதனால் இன்னொரு டீ போடச் சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

தட்டில் மிச்சமிருந்த புட்டைக் காட்டினேன். மாவு, தேங்காய், மறுபடி மாவு, மறுபடி தேங்காய். அப்பலாச்சிய மலைகள் அப்படித்தான் படிந்திருக்கின்றன. ஏறக்குறைய முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே சதுப்புக் காடுகள் இருந்தன. அவை விழுந்து மக்கின. மேலே மணலும் சேறும் மூடின. அதன்மேல் மறுபடி காடு வளர்ந்தது. மணல் பாறையானது, காடு கரியானது. புட்டில் மாவு அதிகம், தேங்காய் மெல்லிசு. அங்கேயும் பாறைதான் அதிகம், கரி மூன்று நான்கு அடிதான்.

இப்போது புட்டை மேலிருந்து கீழாகக் கத்தியால் வகிர்ந்தால் அடுக்குகள் எல்லாம் பக்கவாட்டில் தெரியும் அல்லவா? அந்தக் கத்திதான் ஆறு. பெயர் நியூ ரிவர், புது ஆறு. உண்மையில் வட அமெரிக்காவின் மிகப் பழைய ஆறுகளில் ஒன்று. அது மலையை அறுத்து ஆழமான பள்ளத்தாக்கை உண்டாக்கியபோது, கரி அடுக்கு சரிவின் நடுவில், ஆற்றுக்குப் பல நூறு அடி உயரத்தில் வெளியே எட்டிப் பார்த்தது. கிணறு மாதிரி ஆழத் தோண்ட வேண்டிய அவசியமே இல்லை. சரிவில் நின்றபடி படுக்கை மட்டமாக உள்ளே குடைந்துகொண்டே போகலாம்.

அதே ஆறுதான் மற்ற எல்லாவற்றையும் கொடுத்தது. மேலே அறுபடாமல் நின்ற கெட்டியான மணற்பாறை, இன்று பாறை ஏறுகிறவர்கள் தேடி வரும் செங்குத்துச் சுவர். அதிலிருந்து உடைந்து ஆற்றில் உருண்ட பாறாங்கற்களால்தான் ராஃப்டிங்குக்கு வேண்டிய சுழலும் பாய்ச்சலும். ஆற்றோரமாகக் கிடைத்த ஒடுங்கிய தடத்தில் 1873இல் ரயில் பாதை போட்டு முடித்தார்கள். சாகசத்துக்கு ஓர் இடம், சரித்திரத்துக்கு ஓர் இடம் என்று அங்கே தனித்தனியாக இல்லை. ஏறுகிற பாறைக்கே நட்டல் மணற்பாறை என்று பெயர். ரயில் வரப்போகிறது என்று தெரிந்து 1870இலேயே அங்கே வந்து நிலம் வாங்கிய ஜான் நட்டல் என்ற சுரங்க முதலாளியின் பெயர் அது.

அவன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “சரி மாமா, முதல்ல எங்க போகணும்?” என்றான்.

முதலில் பெக்லி. அங்கே பழைய சுரங்கம் ஒன்றை 1962இலிருந்து மக்கள் பார்ப்பதற்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள். சிறு ரயில் வண்டியில் உட்காரவைத்து உள்ளே கூட்டிப்போவார்கள். வெளியே எந்த வெயில் அடித்தாலும் உள்ளே 14 டிகிரி செல்சியஸ்தான், ஸ்வெட்டர் வேண்டும். வழிகாட்டிகள் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். எங்களைக் கூட்டிப்போன பெரியவர் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, எண் பொறித்த ஒரு பித்தளை வில்லையை என் கையில் வைத்தார். ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது, ஓரத்தில் ஒரு துளை. அதன் கணக்கை நீ புரிந்துகொண்டால் மேற்கு வர்ஜீனியாவின் பாதிச் சரித்திரம் புரிந்துவிடும் என்று மருமகனிடம் சொன்னேன்.

தொழிலாளி தான் நிரப்பிய கரி வண்டியில் அந்த வில்லையை மாட்டி வெளியே அனுப்புவார். எடை போடுகிறவர் எண்ணைப் பார்த்து அவர் பெயரில் வரவு வைப்பார். கூலி டன் கணக்கில். கூரை இடிந்து விழாமல் மரக்கால் முட்டுக் கொடுப்பதற்கும், குறுக்கே விழுந்த கல்லை அள்ளிப் போடுவதற்கும் பல சுரங்கங்களில் கூலியே கிடையாது. அதற்குப் பெயரே ‘செத்த வேலை’. அதாவது, தன் உயிரைக் காக்கும் வேலையைச் செய்யச் செய்ய வருமானம் குறையும். கரியில் கல் கலந்திருக்கிறது என்று சொல்லி எடையையும் வெட்டலாம். கிடைத்த கூலியும் பல இடங்களில் கம்பெனி அச்சடித்த டோக்கன் காசு. கம்பெனிக் கடையில்தான் அது செல்லும். வெடிமருந்தும் கருவியும் அங்கேதான் வாங்க வேண்டும். குடியிருக்கும் வீடும் கம்பெனியுடையது.

இதைத் தெரிந்துகொண்டால், 1920இல் மேட்வான் ஊரில் ஏன் துப்பாக்கி வெடித்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்தில் சேர்ந்தவர்களின் குடும்பங்களைக் கம்பெனி வீடுகளிலிருந்து வெளியேற்றக் கூலிக் காவலர்கள் வந்தார்கள். ஊர்க் காவல் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டு தொழிலாளர் பக்கம் நின்றார். அன்று பத்துப் பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நீதிமன்றப் படிக்கட்டில் வைத்து ஹாட்ஃபீல்டைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகு, கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய ஏறக்குறைய பத்தாயிரம் தொழிலாளர்கள் பிளேர் மலையை நோக்கி நடந்தார்கள். கம்பெனிப் பக்கத்தார் வாடகை விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். கூட்டரசு ராணுவம் வந்த பிறகே சண்டை நின்றது. மேட்வானில் இதற்கென்று 2015இல் ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். அது தென்மேற்கு மூலையில், மலைச் சாலை. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

இரண்டாம் நாள் நட்டல்பர்க், அந்த ஜான் நட்டலின் சுரங்க ஊர். 1920களில் ஹென்றி ஃபோர்டு தன் எஃகு உலைகளுக்காக இந்தச் சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்தார். மலைமேலிருந்து ஆற்றங்கரை வரை 1,385 அடி நீளத்துக்கு அவர் காலத்தில் போட்ட கன்வேயர், காட்டுக்குள் துருப்பிடித்து இன்னும் நிற்கிறது. கரி வேகமாக உருண்டு நொறுங்கிவிடாமல், பிடித்துப் பிடித்து மெல்ல இறக்குவதற்கான ஏற்பாடு அது. எல்லாம் கையில் இருந்தும் ரயில் பாதை ஃபோர்டின் கையில் இல்லை. 1928இல் விட்டுவிட்டுப் போனார். சுரங்கம் 1958இல் மூடப்பட்டது. தொழிலாளர் குடியிருப்பில் கறுப்பினத்தார் ஓர் ஓடையின் ஒரு பக்கம், வெள்ளையர் மறு பக்கம். பள்ளிக்கூடமும் கோயிலும் தனித்தனி. உள்ளே இருட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வெட்டியவர்கள் அவர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கதை இங்கேதான் இருக்கிறது. கார்ட்டர் வுட்சன் இளைஞனாக இங்கே கரி வெட்டினார். ஆலிவர் ஜோன்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி, உள்நாட்டுப் போரில் பங்கெடுத்தவர், படிக்கத் தெரியாதவர். அவர் வீட்டில் மாலையில் தொழிலாளிகள் கூடுவார்கள். வுட்சன் அவர்களுக்குச் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டுவார். தன் மக்களின் வரலாற்றை அவர்கள் வாயாலேயே அங்கே கேட்டார். பிறகு 1912இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். 1926இல் அவர் தொடங்கிய வரலாற்று வாரம்தான் இன்று அமெரிக்கா முழுக்கப் பிப்ரவரியில் கொண்டாடப்படும் கறுப்பின வரலாற்று மாதம்.

கால் பலமாக இருந்தால் கேமூர் என்ற பழைய சுரங்கத்துக்கும் போ. மேலிருந்து செங்குத்தான பாதையில் சுரங்க வாய் வரை இறங்கலாம். அங்கே, பத்திரமாக வேலை செய், உன் குடும்பம் அதைத்தான் விரும்புகிறது என்ற பொருளில் ஒரு பலகை இருக்கிறது. ‘செத்த வேலை’யின் கணக்கு தெரிந்தவனால் அதைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது. அங்கிருந்து ஆற்றங்கரைக்கு 821 மரப்படிகள். படிகள் திறந்திருக்கின்றனவா என்று பூங்கா அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இதை மட்டும் மறக்காதே என்று அழுத்திச் சொன்னேன்: கைவிட்ட சுரங்கத்தின் வாய் எதற்குள்ளும் தலையை நீட்டாதே. உள்ளே ஆக்சிஜன் குறைந்த காற்று தேங்கி நிற்கும். வாசனை இருக்காது, நிறம் இருக்காது, இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவான்.

ராஃப்டிங் என்றால், கீழ் நியூ ரிவரே புதியவர்களுக்குப் போதும். கோலி ஆறு வேறு ரகம். செப்டம்பர், அக்டோபரில் சம்மர்ஸ்வில் அணையைத் திறந்துவிடும் வார இறுதிகளில் அது சீறும். அனுபவம் இல்லாதவர்கள் அதில் ஆரம்பிக்க வேண்டாம். தர்மண்ட் பக்கம் போனால் ரயில் நிலையத்தில் ஐந்து நிமிடம் நில். 1910 வாக்கில் ஆண்டுக்கு 95,000 பயணிகள் ஏறி இறங்கிய நிலையம். ஊருக்குத் தெருவே கிடையாது, கடை வாசல்கள் தண்டவாளத்தைப் பார்த்திருக்கும். 2020 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகை ஐந்து.

ஹாக்ஸ் நெஸ்ட் மேட்டில் எல்லோரும் படம் எடுப்பார்கள். எடு, தப்பில்லை. அந்த மலைக்குள் 1930இல் தொடங்கி ஆற்றுநீரைத் திருப்ப ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் சுரங்கப்பாதை குடைந்தார்கள். சிலிக்கா நிறைந்த பாறை. நீர் விடாமல் உலரத் துளைத்தார்கள், முகமூடி தரவில்லை. உழைத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தார். நுரையீரலில் தூசி படிந்து செத்தவர்கள் 764 பேர் என்று மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் பின்னாளில் மதிப்பிட்டார். தண்ணீர் இன்றும் அந்த வழியாகத்தான் ஓடுகிறது.

“அப்போ பாலம்?”

பாலம் மூன்றாம் நாள். 1977இல் கட்டியது, ஆற்றுக்கு 876 அடி உயரம், வளைவு மட்டும் 1,700 அடி. முன்பு நாற்பது நிமிடம் மலையில் இறங்கி ஏறிய பயணம் ஒரு நிமிடமானது. அந்தப் பள்ளத்தாக்கு 2020 முதல் தேசியப் பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது. அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை பாலத் திருநாள், பாராசூட்டோடு குதிப்பார்கள். அன்றைக்குப் போவதானால் அறையை முன்பே பிடித்துவிட வேண்டும்.

போகிற எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். பெக்லியில் உங்களைக் கூட்டிப்போகும் பெரியவரிடம் எத்தனை வருடம் உள்ளே இருந்தீர்கள் என்று கேளுங்கள், வில்லையைக் காட்டச் சொல்லுங்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.