குணக்கோளாறு என்று சொல்லப்படும் காயம்: மலையகமும் இரட்டை உளநோயும்

1977, 1983 வன்செயல்களில் தாக்கப்பட்ட மலையகக் குடும்பங்கள் பல, தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறின. பாதுகாப்புத் தேடிப் போன அவர்களை அங்கும் யுத்தம் 2009 வரை துரத்தியது. மலையகத்திலேயே தங்கியவர்கள் சுற்றிவளைப்பையும் கைதுகளையும் கண்டார்கள். இவற்றோடு மண்சரிவு, மதுபோதையில் நடக்கும் வீட்டு வன்முறை, சிறுவயதில் நேரும் துஷ்பிரயோகம் ஆகியவையும் மனதில் வடுவாகத் தங்குகின்றன.

இந்த வடு சிலரிடம் இரண்டு நோய்களாக ஒருங்கே வெளிப்படும். ஒன்று, நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய். நடந்தது மீண்டும் கண்முன் நடப்பது போலத் தோன்றும்; கெட்ட கனவு வரும்; சிறு சத்தத்துக்கும் உடல் திடுக்கிடும்; சம்பவத்தை நினைவூட்டும் இடங்களை மனம் தவிர்க்கும். மற்றது, எல்லைக்கோட்டு ஆளுமைக் குறைபாடு. கைவிடப்படுவோமோ என்ற தீராத பயம், சட்டென மாறும் உணர்ச்சி, அடக்கமுடியாத கோபம், உள்ளே வெறுமை, தன்னைத்தானே காயப்படுத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். இந்நோய் உள்ள எல்லோருக்கும் கொடிய கடந்தகாலம் இருப்பதில்லை. ஆனால் பலருக்கு இருக்கிறது.

லயத்தில் இப்படிப்பட்ட பெண்ணுக்குக் கிடைக்கும் பெயர் ‘கோவக்காரி’, அல்லது ‘பேய் பிடித்தவள்’. கோபம் வெளியே தெரிகிறது, அதன் கீழே உள்ள பயம் தெரிவதில்லை.

வைத்தியர்களிடமும் நீண்டகாலம் ஒரு தயக்கம் இருந்தது. பழைய சம்பவத்தைத் தொட்டால் இவர்கள் உயிரை மாய்க்க முயல்வார்கள் என்று அஞ்சி, காயத்தை விட்டுவிட்டு நடத்தைக்கு மட்டும் சிகிச்சை அளித்தார்கள். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சை, தற்கொலை முயற்சிகளைக் குறைக்க உதவியது. அதனுடன் மனவடுச் சிகிச்சையையும் மெலனி ஹார்னெட் இணைத்தார். 2014 இல் வெளியான அவரது சிறிய ஆய்வில் 26 பெண்கள் பங்கேற்றனர். கடந்தகாலத்தைத் தொட்டதால் ஆபத்து கூடவில்லை. ஜேர்மனியில் மார்ட்டின் போஹுஸ் குழுவினர் 193 பெண்களிடம் நடத்திய ஆய்வும் (2020) இரண்டுக்கும் சேர்த்துச் சிகிச்சை அளிக்கலாம் எனக் காட்டியது.

ஆனால் ஒழுங்கு முக்கியம். முதலில் பாதுகாப்பு. உணர்ச்சி பொங்கும்போது குளிர்ந்த நீரில் முகத்தை நனைத்தல், மூச்சை மெதுவாக்குதல், உதவி கேட்டல் போன்ற திறன்கள் பழக்கப்படுகின்றன. ஹார்னெட்டின் முறையில், தன்னைக் காயப்படுத்தாமல் இரண்டு மாதங்களேனும் கடந்த பின்னரே அடுத்த படி. அப்போது நோயாளி, நம்பிக்கையான சிகிச்சையாளர் முன் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். தவிர்த்துவந்த ஆபத்தில்லாத இடங்களுக்கும் படிப்படியாகப் போகிறார். ‘அது முடிந்துபோனது, இப்போது நடக்கவில்லை’ என்பதை மனமும் உடலும் கற்றுக்கொள்கின்றன. ‘என்மேல்தான் தவறு’ என்ற எண்ணமும் தளர்கிறது.

தோட்டத்தில் இதற்குத் தடைகள் உண்டு. கிழமைக்கு ஒருநாள் கிளினிக் போனால் அன்றைய பேர் விழாது. பக்கத்து அறைக்குக் கேட்கும் லயத்தில் இரகசியம் பேச முடியாது. தமிழில் மனந்திறந்து பேசச் சிகிச்சையாளரும் வேண்டும். இவை நோயாளியின் குற்றமல்ல; தோட்ட நிர்வாகமும் சுகாதாரத்துறையும் தீர்க்கவேண்டியவை.

முழுமையான சிகிச்சை அருகில் இல்லாவிட்டாலும் தொடங்க வழி உண்டு. அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் ‘நித்திரை இல்லை’ என்பதோடு நிறுத்தாமல், ‘எனக்கு முன்பு ஒன்று நடந்தது’ என்றும் சொல்லுங்கள். விவரம் அன்றே சொல்லவேண்டியதில்லை. வீட்டார், ‘உன்னை விட்டுட்டுப் போயிருவேன்’ என்று மிரட்டாமல் இருப்பதே பெரிய உதவி. உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் தனியே விடாதீர்கள். தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926 ஐ அழையுங்கள், அல்லது உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.