நிற்போரும் அமர்வோரும்

ஒரு நிறுவனத்தின் பணிப்பண்பாட்டை அறிய அதன் விதிப்புத்தகத்தைப் புரட்டுவது போதாது. எழுதப்படாதிருந்தும் யாவரும் கைக்கொள்ளும் வழக்கங்களை நோக்கவேண்டும். ஜவுளிக்கடை இதற்குத் தக்க சான்று. அடி அண்ணாமலை போன்ற சிற்றூர்களிலிருந்து நகரக் கடைவீதிக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் உட்காரலாகாது என்று எந்தச் சட்டமும் கூறியதில்லை. ஆயினும் கடையில் கூட்டமில்லாத வேளையிலும் நிற்பதே வழக்கமாயிற்று. நிற்பது சுறுசுறுப்பு, அமர்வது சோம்பல் என்னும் எண்ணம் முதலாளிக்கு மட்டும் உரியதன்று. வாடிக்கையாளருக்கும், ஏன், நிற்பவருக்குமே அது பழகிப்போயிற்று.

நின்று வேலை செய்யும் ஆலைத் தொழிலாளருக்கு இருக்கை வசதி வேண்டுமென 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு விதித்தது. 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்திலோ அத்தகைய விதி இருக்கவில்லை. கோழிக்கோட்டில் பி. விஜி முதலிய பெண்கள் இவ்வுரிமைக்காகப் போராடினர். கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத்தைத் திருத்தின. நம் மாநிலத்துக்கு இதற்கு 74 ஆண்டுகள் பிடித்தன!

நாற்காலி வந்தபின்னும் சிக்கல் தீர்வதில்லை. அமரப்போகும் பெண் முதலில் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்க்கிறாள். அவர் எதைப் பாராட்டுகிறார், எதற்குச் சினக்கிறார் என்பதே அவளுக்கு உண்மையான சட்டம். அவர் தாமே அமர்ந்து, "உட்காரம்மா" என்று பிறர் கேட்கச் சொன்னாலன்றி அந்நாற்காலி துணி அடுக்கவே பயன்படும்.

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை இந்நோக்கில் வாசிக்கலாம். மோசே அமர்ந்திருக்க, மக்கள் காலைமுதல் மாலைவரை நின்றனர். உள்ளிருந்தோர் கண்ணுக்கு அது தவறாகப்படவில்லை. விருந்தினராக வந்த எத்திரோ கண்டார். அவர் மோசேயின் குணத்தைக் குறைகூறாமல் ஏற்பாட்டையே மாற்றினார். ஆயிரவர்முதல் பதின்மர்வரை தலைவரை ஏற்படுத்தி, தீர்ப்பளிக்கும் அதிகாரத்தைப் பகிரச் செய்தார். எனினும் எல்லா நிறுவனத்துக்கும் ஓர் எத்திரோ வருவதில்லை. கோழிக்கோட்டில் வழக்கத்தின் குறையை உரக்கச் சொன்னவர்கள் வெளியார் அல்லர், நின்று கால் வீங்கியவர்களே.

நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் ஆலய அலுவலகங்களிலும் நிற்போர் உண்டு. குழுக்கூட்டம் நடக்கையில் தேநீர்த் தட்டுடன் கதவருகே நிற்பவரிடம், இங்கு எது கடினமென்று எந்தக் குழு கேட்டிருக்கிறது? கேட்பதற்குமுன் அவருக்கு ஓர் இருக்கை காட்டவேண்டும். கேட்டபின், சொன்னதற்காக அவர் வேலை இழக்கமாட்டார் என்பதைத் தலைவர் கூட்டக்குறிப்பேட்டில் எழுதிவைக்கவேண்டும்.