சைக்கிளில் பெட்ரோல் என்ஜின் மாட்டலாமா? 25 சி.சி. தாண்டினால் லைசென்ஸ் கட்டாயம்

காஞ்சீபுரம்,

பழைய சைக்கிளில் ஒரு சின்ன பெட்ரோல் என்ஜினை மாட்டி, பெடல் மிதிக்காமலே பறக்கும் வீடியோக்களை செல்போனில் பார்க்காதவர்கள் குறைவு. காஞ்சீபுரம்-வாலாஜாபாத் சாலையில் உள்ள ஐயம்பேட்டை போன்ற நெசவாளர் ஊர்களில், பாவும் ஜரிகையும் வாங்க, நெய்த சேலையை கொண்டு போய் கொடுக்க இன்னும் சைக்கிளை நம்பி இருப்பவர்கள் உண்டு. "மொபட் வாங்க காசு இல்ல. இருக்கிற சைக்கிள்லயே என்ஜின் மாட்டிட்டா என்ன?" என்று அவர்களுக்கு தோன்றுவது நியாயம்தான். ஆனால் காசை கொடுப்பதற்கு முன்பு சில விஷயங்களை தெரிந்துகொள்வது நல்லது.

ஜப்பானில் தொடங்கியது

இது ஒன்றும் புது யோசனை இல்லை. 2-ம் உலகப்போர் முடிந்ததும், ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சின்ன என்ஜின்களை வாங்கி, 1946-ல் சைக்கிளில் மாட்டி விற்றார் சோய்சிரோ ஹோண்டா. அதில் இருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஹோண்டா கம்பெனி. நம் ஓசூரில் இருந்து 1980-ல் வந்த டி.வி.எஸ். 50 மொபட்டிலும் பெடல் இருந்தது. ஆனால் அதன் பிரேம், பிரேக், டயர் எல்லாமே என்ஜினுக்காக செய்யப்பட்டவை. சாதா சைக்கிள் அப்படி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டம் பிரிவு 2(28)-ன்படி, 4 சக்கரத்துக்கு குறைவான வண்டியில் 25 சி.சி.க்கு மேற்படாத என்ஜின் இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. லைசென்ஸ், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் தேவையில்லை.

25 சி.சி.யை தாண்டினால் மூன்றுமே வேண்டும். இங்கேதான் சிக்கல். புல் வெட்டும் எந்திரத்தின் என்ஜின்கள் 43 சி.சி., 52 சி.சி. அளவுகளில் அதிகம் விற்கின்றன. சைக்கிளுக்கென்று வரும் கிட்டுகள் 49 சி.சி., 80 சி.சி. என்று விற்கப்படுகின்றன. வீட்டில் செய்த வண்டிக்கு அரசு அங்கீகார சான்று இருக்காது. அது இல்லாமல் ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவு நம்பர் வாங்க முடியாது. பிடிபட்டால் லைசென்ஸ் இல்லாததற்கு மட்டும் ரூ.5 ஆயிரம் அபராதம்.

பள்ளிக்கூட பையன்கள் ஓட்டினால் இன்னும் ஆபத்து. 2019-ல் வந்த சட்ட திருத்தப்படி, சிறுவர் மோட்டார் வாகனம் ஓட்டி குற்றம் செய்தால் பெற்றோருக்கு ரூ.25 ஆயிரம் அபராதமும், 3 ஆண்டு வரை ஜெயிலும் கிடைக்கும்.

எனவே என்ஜின் வாங்கும்போது சி.சி. அளவு எழுதிய பில்லை கேட்டு வாங்கி பத்திரமாக வையுங்கள். போலீசார் நிறுத்தினால் காட்ட அதுதான் ஆதாரம்.

பிரேக் தாங்குமா?

சாதா சைக்கிளின் ரப்பர் பிரேக், மனிதன் மிதிக்கும் வேகத்துக்கு செய்யப்பட்டது. வேகம் 2 மடங்கு ஆனால், பிரேக் பிடித்து நிற்க 4 மடங்கு தூரம் தேவை. 15 கி.மீ. வேகத்தில் 2 மீட்டரில் நிற்கும் சைக்கிள், 30 கி.மீ. வேகத்தில் 8 மீட்டர் ஓடித்தான் நிற்கும். மழையில் நனைந்த ரிம் என்றால் கேட்கவே வேண்டாம்.

காலையில் தெருவில் பாவு நீட்டி கஞ்சி போடும் ஊர்களில் இதை நினைத்துப் பாருங்கள். 8 மீட்டர் தள்ளி நின்றால், போவது ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு. இன்சூரன்ஸ் இல்லாததால் நஷ்டஈடும் கைக்காசுதான்.

கவனிக்க வேண்டியவை

டூ ஸ்ட்ரோக் என்ஜின் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். 25-க்கு 1 என்று போட்டிருந்தால் 1 லிட்டருக்கு 40 மி.லி. கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். போர் ஸ்ட்ரோக் என்ஜினில் கலக்கக்கூடாது.

சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். வண்டியை தறி இருக்கும் அறையில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஒரு சொட்டு ஆயில் பட்டாலும் பட்டுச்சேலை வீண். பெட்ரோல் கசிந்து தீப்பிடித்தால் வீடே போய்விடும்.

செயின், ஸ்போக்ஸ், என்ஜின் போல்ட்டுகளை வாரம் ஒருமுறை முடுக்குங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் போடுங்கள். தலை எல்லோருக்கும் ஒன்றுதான்.

பேட்டரி சைக்கிளும் உண்டு

பெட்ரோல் செலவே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 250 வாட்டுக்கு குறைவான மோட்டாரும், 25 கி.மீ.க்கு குறைவான வேகமும் கொண்ட பேட்டரி சைக்கிளுக்கும் லைசென்ஸ், பதிவு தேவையில்லை. சத்தமும் இல்லை, ஆயில் கறையும் இல்லை.

எதை மாட்டினாலும் சரி, முதல் செலவு நல்ல பிரேக்குக்கு. அப்புறம்தான் என்ஜின்.