குறிப்பு பழையதானால் கையேடும் தவறாகிவிடும்

நிரல் எழுதத் தயங்காதவர்கள்கூட, அதற்கு விளக்கம் எழுதச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அந்தச் சுமையைக் குறைக்க, 1996இல் ஜாவா மொழியின் முதல் பதிப்போடு வந்த கருவிதான் 'ஜாவாடாக்'. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேலே, ஒரு சாய்கோடு, இரண்டு நட்சத்திரக் குறி போட்டுத் தொடங்கி நாலு வரி எழுதினால் போதும். கருவி அவற்றைத் திரட்டி, இணையப் பக்கங்களாகக் கையேடு தயாரித்துவிடும். சி பிளஸ் பிளஸ் நிரலாளர்களுக்கு 'டாக்சிஜன்' இதே வேலையைச் செய்கிறது.

வேலை மிச்சம்தான். ஆனால், ஃபங்ஷனின் பெயரைத்தான் கருவி நிரலிலிருந்து எடுக்கிறது. விளக்கத்தை நாம் எழுதியபடியே ஒப்பிக்கிறது. 'தொகை ரிங்கிட்டில்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஒருவர் நிரலைச் சென் கணக்குக்கு மாற்றுகிறார், குறிப்பைத் தொடவில்லை. கையேடு இன்னமும் ரிங்கிட் என்றே சொல்லும். அதை நம்பி 50 என்று கொடுத்தால், 50 ரிங்கிட்டுக்குப் பதில் 50 சென்தான் போய்ச் சேரும்.

வானொலியில் வாசிக்கும் எனக்கு இது நன்றாகவே புரிகிறது. கையில் இருக்கும் தாள் பழையது என்றால், எவ்வளவு தெளிவாக வாசித்தாலும் செய்தி பழையதுதான்.

நிரலைத் திருத்தும்போதே குறிப்பையும் திருத்திவிடுங்கள். நாளை புதிதாக வேலைக்கு வரும் பிள்ளை அந்தக் கையேட்டைத்தான் நம்பி இருக்கும்.