பழையது வேறு, உறைந்தது வேறு

நம் வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியின் ஃபிரீசரைத் திறந்தால் பெரும்பாலும் காணக்கிடைப்பவை பனிக்கட்டித் தட்டு, ஒரு பொட்டலம் பச்சைப் பட்டாணி, ஓர் ஐஸ்கிரீம் டப்பா. அந்த டப்பாவுக்குள் ஐஸ்கிரீம்தான் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை, கறிவேப்பிலை இருக்கலாம். சமைத்த உணவு அங்கே இருப்பது அரிது. இருந்தாலும், விருந்தினர் எதிரில் அதை வெளியே எடுக்கக் கூச்சம். 'நேற்றைய குழம்பு' என்ற சொல்லிலேயே ஓர் இழிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தயக்கம் காரணமற்றதன்று. முதல்நாள் சமைத்த கறியை மறுநாள் உண்ணலாகாது என்ற அறிவுரை தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதியிலேயே உண்டு. நம் நாட்டின் வெப்பத்தில் இரவு முழுவதும் அடுக்களையில் இருந்த கறிக்கு அந்த எச்சரிக்கை முற்றிலும் பொருந்தும். ஆனால், நீரூற்றிவைத்த பழைய சோற்றைக் காலையில் விரும்பி உண்டவர்களும் நாம்தாம். மீன்குழம்புக்கு மறுநாள்தான் சுவை என்று சொல்லிவைத்தவர்களும் நாம்தாம். ஆக, விலக்கப்பட்டது கெட்டுப்போதலே. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டதால், அடுக்களையின் பயனுள்ள கருவி ஒன்றைப் பனிக்கட்டி செய்வதற்கு மட்டும் வைத்திருக்கிறோம் என்பது என் கருத்து.

உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெருக நீர் வேண்டும். வற்றலிலும் வடகத்திலும் நம் மூதாட்டியர் வெயிலைக் கொண்டு அந்த நீரை விரட்டினர். ஊறுகாயில் உப்பு நீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, புளிப்பு துணைநிற்கிறது, மேலே மிதக்கும் நல்லெண்ணெய் காற்றைத் தடுக்கிறது. ஃபிரீசரும் இந்த வரிசையில் வந்த ஒன்றுதான். அது நீரை வெளியேற்றாமல் இருந்த இடத்திலேயே கட்டியாக்கிவிடுகிறது. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. ஆனால், அவற்றில் பல சாவதுமில்லை, உறங்குகின்றன. எனவே, கெடத் தொடங்கிய உணவை உள்ளே வைத்தால் கெடத் தொடங்கிய உணவுதான் திரும்பி வரும்.

அடுத்த சிக்கல் சுவை பற்றியது. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. மெதுவாக உறைந்தால் பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து காயின், இறைச்சியின் திசுக்களைக் கிழிக்கும். விரைவாக உறைந்தால் அவை சிறிதாகவே நின்றுவிடும். 1910களில் கனடாவின் லாப்ரடார் பகுதியில் வாழ்ந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்னும் அமெரிக்கர், இனூயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் உடனே உறைந்து, பல மாதங்களுக்குப் பிறகும் புதிது போலச் சுவைப்பதைக் கண்டார். அதிலிருந்துதான் இன்றைய உறைந்த உணவுத் தொழில் வளர்ந்தது. நம் வீட்டுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது. ஆழமான டப்பாவில் நிரப்பாமல், பையில் இட்டு ஒரு விரல் கனத்துக்குத் தட்டையாகப் பரப்பி வைக்க வேண்டும். டப்பாதான் என்றால், விரிவதற்கு இடம்விட வேண்டும். விளிம்புவரை நிரப்பிய கண்ணாடிப் புட்டி விரிசல் விடும்.

எந்தப் பதார்த்தம் ஃபிரீசருக்குத் தாங்கும்? இட்லியிலிருந்து தொடங்கலாம். மீந்த இட்லியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மறுநாள் அது விறைத்துக் கிடக்கிறது. வெந்த மாவுச்சத்து மிக வேகமாக இறுகுவது உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள அந்தக் குளிரில்தான். ஃபிரீசரிலோ அந்த மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆறிய இட்லியைக் காற்றுப் புகாத பையில் உறையவைத்து, எடுத்த கையோடு ஆவியில் வைத்தால் பத்து நிமிடத்தில் மென்மை திரும்பிவிடும். இடியாப்பமும் அப்படியே. வெளிநாட்டுத் தமிழர் வாங்கும் கடைகளில் உறைந்த இடியாப்பமும் பரோட்டாவும் துருவிய தேங்காயும் அடுக்கியிருப்பது காரணமில்லாமல் இல்லை.

தோற்றுப்போகிறவையும் உண்டு. உருளைக்கிழங்கு கடற்பஞ்சு போலாகிவிடும். மோர்க்குழம்பு திரிந்துபோகும். தேங்காய்ப்பால் சேர்த்த சொதியும் பிரிந்து நிற்கும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பர்தான். பொரியல் துவண்டுவிடும். இவற்றை உறையவைத்துப் பார்த்துவிட்டு, 'ஃபிரீசர் நமக்கு ஒத்துவராது' என்று முடிவுகட்டுகிறவர்களே அதிகம்.

கூர்ந்து பார்த்தால், நம் சமையலில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. நேரத்தை விழுங்கும் பாதி நன்றாக உறைகிறது. நொடியில் முடியும் பாதிதான் உறையத் தகாதது. பருப்பு உருண்டைக் குழம்பை எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டு முறையில் பருப்பை ஊறவைத்து, மிளகாய், சோம்புடன் கரகரப்பாக அரைத்து, உருட்டி, ஆவியில் வேகவைத்துவிட்டுத்தான் குழம்பில் சேர்ப்பார்கள். வேலை முழுவதும் அந்த உருண்டையில்தான். ஒரே முறை நாற்பது உருண்டை அவித்து, ஆறவிட்டு, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் உறையவைத்து, பிறகு பையில் சேர்த்துவிடலாம். வேண்டிய நாளில் புளிக்குழம்பு கொதிக்கும்போது அப்படியே போட்டால் கரைவதில்லை. பருப்பு உசிலிக்கு அவித்து உதிர்த்த பருப்பும் இவ்வாறே; பீன்ஸை மட்டும் அன்று நறுக்கினால் போதும். சாம்பாருக்கு வெந்து மசித்த பருப்பு, சுண்டலுக்கு வேகவைத்த கொண்டைக்கடலை, கொழுக்கட்டைக்கான பூரணம், கோளா உருண்டை, வதக்கிய வெங்காயம் தக்காளி மசாலா ஆகிய அனைத்தும் இந்த வகையே. கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை, கொத்தமல்லி ஆகியவற்றின் மணம் நாள்படக் குன்றும் என்பதால், தாளிப்பை மட்டும் அன்றன்று செய்ய வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம் ஆகுமா?

இது ருசி பற்றிய பேச்சு மட்டுமன்று. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடங்களை. ஊறவைத்தலும் அரைத்தலும் வேகவைத்தலும் நாள்தோறும் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று வற்புறுத்துகிறவர், இந்த நிமிடங்களை யார் தருகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோருக்கும் இது பொருந்தும். இரண்டு பேருக்காக அம்மியும் அடுப்புமாக நிற்க முடியாமல் ரொட்டியும் பாலுமாக இரவைக் கழிப்பவர்கள் பலர். மகளின் பிள்ளைப்பேற்றுக்கு அமெரிக்கா செல்லும் தாய்மார், திரும்பும் முன் அங்கே ஃபிரீசரை நிரப்பிவிட்டு விமானம் ஏறுகிறார்கள். அவர்களே சொந்த வீட்டில் அதைச் செய்யத் தயங்குகிறார்கள். மேலும், உறைந்த உருண்டையைக் கொதிக்கும் குழம்பில் இடுவதற்கு எந்த ஆணுக்கும் கைப்பக்குவம் தேவையில்லை.

சில விதிகளில் மட்டும் சலுகை கிடையாது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே வைத்துவிட வேண்டும். அகன்ற தட்டில் பரப்பினால் விரைவில் ஆறும். சோற்றில் இது இன்னும் முக்கியம். அரிசியில் இருக்கும் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற நுண்ணுயிரின் விதைத்துகள்கள் கொதியிலும் பிழைத்து, வெளியே வைத்த சோற்றில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பின்னர் சூடாக்கினாலும் அந்நஞ்சு போகாது. உறைந்த குழம்பை மேடையில் வைத்து இளக விடாமல், முந்தைய இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும். வெளியே இளகியதை மறுபடி உறையவைக்கலாகாது. மத்தி போன்ற கொழுப்பு மிகுந்த மீன், குளிரிலும் மெல்லக் காறும் என்பதால் அதை நெடுநாள் வைப்பதில் பொருளில்லை. மற்றவற்றை இரண்டு மூன்று மாதங்களுக்குள் தீர்த்துவிடுவது சுவைக்கு நல்லது. ஒற்றைக் கதவுப் பெட்டிகளின் மேலறை பல நேரங்களில் மைனஸ் 18ஐ எட்டுவதில்லை. அவற்றில் ஓரிரு வாரம் என்று வைத்துக்கொள்வதே தக்கது.

மின்வெட்டு பற்றிக் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. நிறைந்த ஃபிரீசர் திறக்காமலிருந்தால் ஏறத்தாழ இரண்டு நாளும், பாதி நிறைந்தது ஒரு நாளும் குளிரைக் காக்கும் என்பது பொதுவான கணக்கு. சிறிய மேலறை அவ்வளவு தாங்காது. ஊருக்குப் போகும்போது ஒரு கிண்ணத்தில் நீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுச் செல்லலாம். திரும்பி வரும்போது நாணயம் பனிக்குள் புதைந்திருந்தால், இடையில் எல்லாம் இளகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள். உள்ளிருப்பதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஒவ்வொரு பையிலும் பெயரையும் தேதியையும் அழியாத மையில் எழுதிவைப்பதும் அவசியம். வெண்பனி படிந்த பிறகு வெங்காய மசாலாவும் மட்டன் குழம்பும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். அமாவாசையன்று அடுப்பில் ஏற்றிய பிறகு அந்த வேறுபாடு தெரியவருவது எந்த வீட்டுக்கும் நல்லதல்ல.