மின்காந்தத் துடிப்பு வந்தால் ஹாம் ரேடியோ பிழைக்குமா?

1962 ஜூலை 9. பசிபிக் பெருங்கடலில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே, 400 கி.மீ. உயரத்தில் அமெரிக்கா ஓர் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. ‘ஸ்டார்ஃபிஷ் பிரைம்’ என்று பெயரிடப்பட்ட அந்தச் சோதனையின் வலிமை 1.4 மெகாடன். சுமார் 1,400 கி.மீ. தள்ளியிருந்த ஹவாயில் எந்தக் கட்டடமும் அதிரவில்லை. ஆனால் ஓவாஹு தீவில் சுமார் 300 தெருவிளக்குகள் அணைந்தன. திருட்டைத் தடுக்க வைத்திருந்த அலாரங்கள் தாமாகவே அலறின. தொலைபேசி நிறுவனத்தின் மைக்ரோவேவ் இணைப்பு ஒன்று செயலிழந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று சோவியத் ஒன்றியம் கஜகஸ்தானுக்கு மேலே 290 கி.மீ. உயரத்தில் 300 கிலோடன் குண்டை வெடித்தது. ஹவாயில் நேர்ந்ததைவிடப் பாதிப்பு இங்கே கடுமை. தரைக்கு மேலே 570 கி.மீ. நீளத்துக்குப் போடப்பட்டிருந்த தொலைபேசித் தடத்தின் ஃபியூஸ்கள் எல்லாம் எரிந்துபோயின. மண்ணுக்கடியில் புதைக்கப்பட்ட மின்கேபிளும் தப்பவில்லை.

இந்தப் பாதிப்பை ஏற்படுத்துவதைத்தான் மின்காந்தத் துடிப்பு, சுருக்கமாக இ.எம்.பி. என்கிறார்கள். மின்னணுக் கருவி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பொதுவான ஆபத்து. ஹாம் ரேடியோக்காரர்கள் மட்டும் இதைப் பற்றிக் கூடுதலாகக் கவலைப்படக் காரணம் உண்டு. எல்லாத் தொடர்பும் அறுந்தபிறகும் பேசக்கூடியவர்கள் என்று ஊர் நம்புவது அவர்களைத்தான். 2004 டிசம்பர் 26 அன்று அந்தமானைச் சுனாமி தாக்கியபோது, ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் குழுவினர் ஹாம் ரேடியோப் பயணமாக போர்ட் பிளேரில் இருந்தார்கள். தொலைபேசி செத்துப்போன அந்த நாள்களில், தீவில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி அவர்களுடைய செட் வழியாகத்தான் பெருநிலத்துக்கு வந்து சேர்ந்தது. அப்படிப்பட்ட செட் முதல் அடியிலேயே கருகிப்போனால் அதை வைத்திருந்து பயனில்லை.

கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆன்டெனாவோடும் மின்சாரக் கம்பியோடும் இணைந்திருக்கும் செட் போய்விட வாய்ப்பு அதிகம். கழற்றி, நன்றாக மூடிய உலோகப் பெட்டிக்குள் வைத்த செட் தப்பிக்கும்.

துடிப்பு எப்படி உருவாகிறது?

மிக உயரத்தில் வெடிக்கும் குண்டிலிருந்து காமாக் கதிர்கள் கீழ்நோக்கிப் பாய்கின்றன. வளிமண்டலத்தின் மேலடுக்கில் உள்ள அணுக்களில் மோதி எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறிகின்றன. வேகமெடுத்த அந்த எலெக்ட்ரான்களைப் பூமியின் காந்தப்புலம் வளைக்கிறது. வளையும்போது அவை ரேடியோ அலையாக ஆற்றலைக் கொட்டுகின்றன. கோடானுகோடி எலெக்ட்ரான்கள் ஒரே கணத்தில் இதைச் செய்வதால், அடிவானத்துக்கு உட்பட்ட நிலப்பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் தாக்கப்படுகிறது.

நிபுணர்கள் இதை மூன்று கட்டமாகப் பிரிக்கிறார்கள். முதல் கட்டமான இ-1 சில நானோ நொடிகளில் உச்சத்தைத் தொட்டு, மைக்ரோ நொடிக்குள் அடங்கிவிடும். சர்வதேசத் தரநிலைகள் இதன் உச்சத்தை மீட்டருக்கு 50,000 வோல்ட் என்று வைத்துக் கணக்கிடுகின்றன. இரண்டாம் கட்டமான இ-2, மின்னலின் தன்மை கொண்டது. மூன்றாவதான இ-3 நிமிடக் கணக்கில் நீடிக்கும் மெதுவான அலை. நூற்றுக்கணக்கான கி.மீ. நீளமுள்ள மின்தடங்களும் தொலைபேசித் தடங்களும்தான் அதற்கு இரை. நம் மேசைமீதிருக்கும் செட்டுக்கு உண்மையான எமன் இ-1.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். சூரியப் புயல் வந்தால் கையிலிருக்கும் வாக்கி டாக்கி எரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எரியாது. சூரியப் புயலில் இ-1 போன்ற கூர்மையான அடி கிடையாது. அது இ-3ஐ ஒத்தது. 1859 செப்டம்பரில் வந்த கேரிங்டன் புயலின்போது, மும்பை கொலாபா ஆய்வகத்தின் காந்தமானியிலேயே பெரும் சரிவு பதிவானது. அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லாந்துக்கும் இடையிலான தந்தி ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்பியில் தானாக ஓடிய மின்சாரத்திலேயே செய்தி அனுப்பினார்கள். 1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக் மாகாணம் சுமார் ஒன்பது மணி நேரம் இருளில் மூழ்கியதும் சூரியப் புயலால்தான். பாதிக்கப்பட்டவை எல்லாமே நீண்ட தடங்கள். சூரியப் புயலில் ஹாம்களுக்கு நேரும் நஷ்டம் வேறு: குற்றலை ஓடும் பாதை சில மணி நேரமோ சில நாளோ கெட்டுப்போகும். செட் நன்றாக இருக்கும், எதிர்முனை கேட்காது. பொறுத்திருப்பதைத் தவிர வழியில்லை.

ஆன்டெனாதான் வாசல்

40 மீட்டர் அலைவரிசைக்குக் கட்டும் சாதாரண டைபோல் ஆன்டெனாவின் நீளம் சுமார் 20 மீட்டர். தொலைதூரத்திலிருந்து வரும் மைக்ரோவோல்ட் அளவு சிக்னலைப் பிடித்துத் தருவதற்கென்றே உயரத்தில் இழுத்துக் கட்டப்பட்ட கம்பி அது. இ-1இன் ஆற்றலில் பெரும்பகுதி 100 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. ஹாம்கள் பேசும் குற்றலை வரிசைகள் முழுவதும் அதற்குள் அடக்கம். மைக்ரோவோல்ட்டுக்குக் காத்திருக்கும் உள்வாங்கிப் பகுதியில் ஆயிரக்கணக்கான வோல்ட் இறங்கினால் முதலில் சாவது அங்கிருக்கும் டையோடும் டிரான்சிஸ்டரும். இரண்டாவது வாசல் சுவர் பிளக். மூன்றாவது, கணினிக்கும் செட்டுக்கும் நடுவே ஓடும் யு.எஸ்.பி. கேபிள். இந்த மூன்றாவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

கம்பி குட்டையாக இருந்தால் ஆபத்தும் குறையும். அதனால்தான் சிறிய ரப்பர் ஆன்டெனாவும் சொந்த பேட்டரியும் கொண்ட கையடக்க செட்டுக்கு, மேசை செட்டைவிடத் தப்பிக்கும் வாய்ப்பு அதிகம். பழைய வால்வு செட்டுகளும் அப்படித்தான். குறைக்கடத்தியைக் கொல்லும் அடியை வால்வு பலமடங்கு தாங்கும். பரணில் வால்வு செட் வைத்திருப்பவர்கள் அதைப் பழைய இரும்புக்காரருக்குப் போட வேண்டாம்.

வாசலில் காவல் வைக்க முடியாதா? முடியும், ஓரளவுக்கு. கோஆக்ஸ் கேபிளில் பொருத்தும் வாயுக் குழல் அரெஸ்டர் கடைகளில் கிடைக்கிறது. குறிப்பிட்ட வோல்ட்டைத் தாண்டியதும் உள்ளே இருக்கும் வாயு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, அடியை எர்த்துக்குத் திருப்பிவிடும். 100 வாட் செட், 50 ஓம் கேபிளில் பேசும்போதே உச்ச மின்னழுத்தம் 100 வோல்ட் ஆகிறது. எனவே 90 வோல்ட் குழலைப் போட்டால் நாம் பேசும்போதே அது பற்றிக்கொள்ளும். 230 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்டதே பொருந்தும். மின்சாரப் பக்கத்துக்கு வேரிஸ்டர். நம் ஊர் 230 வோல்ட் சப்ளைக்கு 275 அல்லது 320 வோல்ட் ஏ.சி. என்று குறிக்கப்பட்டதை வாங்க வேண்டும். வேரிஸ்டரை ஆன்டெனா கேபிளில் வைக்கக் கூடாது. அதன் கொள்ளளவு குற்றலையையே விழுங்கிவிடும்.

இவை எல்லாம் மின்னலுக்கு நன்றாக வேலை செய்யும். இ-1 விஷயத்தில் சிக்கல், பொருளைவிட அதைப் பொருத்தும் விதத்தில் இருக்கிறது. நேரான கம்பி ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் 10 நானோஹென்றி தூண்டல் கொண்டது. அரெஸ்டரிலிருந்து எர்த்துக்கு 10 செ.மீ. கம்பி விட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், 100 நானோஹென்றி. அதில் 10 நானோ நொடிக்குள் 1,000 ஆம்பியர் ஏறினால், அந்தக் குட்டிக் கம்பியின் இரு முனைக்கும் நடுவே மட்டும் 10,000 வோல்ட் எழும். அரெஸ்டர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்த 10,000 வோல்ட் செட்டின் தலையில்தான் விழும். ஆகவே அரெஸ்டரைக் கம்பி கொண்டு இணைக்காமல், எர்த் செய்த செம்பு அல்லது அலுமினியத் தகட்டில் நேரடியாகத் திருகி வைக்க வேண்டும். வீட்டுக்குள் வரும் ஆன்டெனா, அதைத் திருப்பும் ரோட்டர், மின்சாரம் எல்லாம் அந்த ஒரே தகட்டின் வழியாக வர வேண்டும். ஆன்டெனாவுக்குத் தனி எர்த் குழி, வீட்டு மின்சாரத்துக்குத் தனி எர்த் குழி என்று இருந்தால் இரண்டையும் தடித்த கம்பியால் பிணைக்க வேண்டும். இல்லையென்றால் மின்னல் விழும்போது இரு குழிகளுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு செட்டின் வழியாகத்தான் சமனாகும்.

அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல்., தனது ‘கியூ.எஸ்.டி.’ இதழில் 1986இல் இதே பொருளில் நான்கு பகுதிகளாக ஒரு தொடர் வெளியிட்டது. ஹாம்கள் வாங்கக்கூடிய பாதுகாப்புச் சாதனங்களை ஆய்வகத்தில் செயற்கைத் துடிப்புக்கு உட்படுத்திக் கிடைத்த முடிவுகள் அதில் இடம்பெற்றன. அதன்பின் சாதனங்கள் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் பேசி முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுவதற்கு ஈடான அரெஸ்டர் இன்றுவரை வரவில்லை. கழற்றிய முனையைச் செட்டின் பின்னாலேயே தொங்கவிட்டால் பொறி தாவும். குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி, முடிந்தால் ஜன்னலுக்கு வெளியே போட வேண்டும். பவர் சப்ளையின் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கையே பிடுங்க வேண்டும்.

எந்தப் பெட்டி?

எச்சரிக்கை இல்லாமல் வருவதுதான் துடிப்பின் இயல்பு என்பதால், பயன்பாட்டில் இருக்கும் செட்டை முழுமையாகக் காப்பாற்ற முடியாது. அதற்குத்தான் இரண்டாவது செட்டும், அதை வைக்க ஃபாரடே கூண்டும். உலோகம் எல்லாப் பக்கமும் சூழ்ந்திருந்தால் வெளியே உள்ள மின்புலம் உள்ளே நுழையாது என்று மைக்கேல் ஃபாரடே 1836இல் செய்துகாட்டினார்.

இதற்காகத் தனிப் பை, தனிப் பெட்டி என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. நம் வீடுகளில் அரிசி போட்டு வைக்கும் எவர்சில்வர் டிரம் நல்ல தொடக்கம். அதில் பெயின்ட் கிடையாது. இறுக்கமான மூடி, சுற்றிலும் உலோகத்தோடு உலோகம் உரசி உட்காரும். டிரங்குப் பெட்டி என்றால் மூடியும் உடலும் சேரும் விளிம்பில் பெயின்ட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிரஷர் குக்கர் ஆகாது. அதன் ரப்பர் கேஸ்கெட் மூடியைப் பாத்திரத்திலிருந்து பிரித்து, சுற்றளவு முழுவதும் ஒரு கீறலை உண்டாக்கிவிடும். ரேடியோ அலைக்கு இடைவெளியின் அகலம் பெரிதில்லை, நீளம்தான் பெரிது. முடியளவு மெல்லிய கீறல் ஓரடி நீளத்துக்கு ஓடினால் அதுவே ஆன்டெனாவாக மாறிவிடும். மூடியின் விளிம்பைச் சுற்றிக் கடத்தும் பசை கொண்ட செம்பு நாடாவை ஒட்டினால் அந்த வழி அடைபடும்.

மைக்ரோவேவ் அடுப்பைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். அதன் கதவு 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தடுக்க வடிவமைக்கப்பட்டது. அதைவிடப் பல மடங்கு தாழ்ந்த அலைவரிசைகளில் வரும் இ-1க்கு அதை நம்ப வேண்டாம். பெட்டியை எர்த் செய்ய வேண்டும் என்பதும் தவறான நம்பிக்கை. பெட்டி எர்த் இல்லாமலேயே தன் வேலையைச் செய்யும். நீளமான எர்த் கம்பி கூடுதல் ஆற்றலைப் பெட்டிக்கு இழுத்து வரவும் கூடும்.

செட் உலோகச் சுவரைத் தொடக் கூடாது. உள்ளே அட்டையோ தெர்மாகோலோ வைத்து, செட்டைத் துணியில் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாளை இரண்டு மூன்று சுற்று சுற்றி வைத்தால் இரட்டைப் பாதுகாப்பு. புலத்தை 60 டெசிபல் குறைத்தால் 50,000 வோல்ட் 50 வோல்ட்டாகிவிடும். ராணுவத் தரநிலை 80 டெசிபல் கேட்கிறது. வீட்டில் அந்த அளவுக்கு அளக்க முடியாது என்றாலும் சோதித்துப் பார்க்கலாம். பேட்டரியில் ஓடும் எஃப்.எம். ரேடியோவில் உள்ளூர் நிலையம் ஒன்றைச் சத்தமாக வைத்து, பெட்டிக்குள் போட்டு மூடுங்கள். பாட்டு நின்று இரைச்சல் மட்டும் கேட்டால் பெட்டி வேலை செய்கிறது. பாட்டு தொடர்ந்தால் கீறல் எங்கோ இருக்கிறது. நாடாவை ஒட்டி மீண்டும் பாருங்கள்.

பெட்டிக்குள் செட் மட்டும் போதாது. சோலார் தகடும் ஈய-அமில பேட்டரியும் தாங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் தாங்காது. அதில் உபரி ஒன்று உள்ளே இருக்க வேண்டும். கேபிள், கனெக்டர், மல்டிமீட்டர் கூடவே. ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகை செட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஐ.ஆர்.எஃப்.510 போல எளிதில் கிடைக்கும் உதிரிகளே அதில் அதிகம். நாலைந்து டிரான்சிஸ்டர்களை வாங்கித் தாளில் சுற்றிப் போட்டுவைத்தால் செட்டை நாமே பழுதுபார்க்கலாம். சாலிடரிங் தெரிந்த கைக்கு எதிரே எரிந்த செட் முடிந்துபோன கதை அல்ல.

நம் காலத்தில் உயரத்தில் ஓர் அணுகுண்டு வெடிக்காமலே போகலாம், போகட்டும். மின்னல் ஒவ்வொரு கோடை மழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் வருகிறது. கேபிளைக் கழற்றாமல் தூங்கப்போனவர்களின் செட்டுகள்தான் அதில் போகின்றன. எனவே பணத்தை முதலில் நல்ல எர்த் குழிக்கும் அரெஸ்டர் தகட்டுக்கும் செலவிடுங்கள், அடுத்தது பெட்டி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பெட்டியைத் திறந்து, பேட்டரியை சார்ஜ் ஏற்றி, உள்ளிருக்கும் செட்டில் உங்கள் ஊர் ஹாம்களோடு பத்து நிமிடமாவது பேசிவிட்டு மூடி வையுங்கள்.